கூலியைத் தனியே எழுதத் தொடங்கிய பிறகு

அன்னூருக்கும் அவிநாசிக்கும் இடையே கருகிய மோட்டார்களுக்குப் புதுத் தாமிரக் கம்பி சுற்றித் தரும் ரீவைண்டிங் பட்டறை நடத்தி வருகிறேன். கோடையில் போர்வெல்லில் தண்ணீர் இறங்கிவிட்டால், கருகிய சப்மெர்சிபிள் மோட்டார்கள் பட்டறை வாசலில் வரிசையாகக் கிடக்கும்; இரவு பதினொரு மணி வரை வேலை ஓடும்; ஆயினும் இரண்டு ஆட்களுக்குச் சம்பளம் கொடுத்தபின் என் கையில் நின்றது சொற்பம். வேலை போதவில்லை என்றெண்ணி மேலும் சில மில்களில் வேலை கேட்டு அலைந்தேன், எனக்கு வர வேண்டிய பாக்கிதான் கூடியது.

பல்லடத்தில் சைசிங் மில்லில் கணக்கு எழுதும் என் மச்சான், ஒவ்வொரு மோட்டாருக்கும் ஆன கம்பியின் எடை, ஆள் நேரம், தோட்டத்துக்குப் போய்வந்த நடை ஆகியவற்றை ஒரு மாதம் குறித்து வரச் சொன்னார். குறித்த பிறகுதான் விஷயம் விளங்கியது. மோட்டாரின் குதிரைத்திறனைப் பார்த்து, எச்.பி.க்கு இவ்வளவு என்று கம்பியும் கூலியும் சேர்த்து ஒரே தொகை சொல்வது எங்கள் வழக்கம். தாமிர விலை ஏறும்போதெல்லாம் அந்த ஏற்றத்தை என் கூலியிலிருந்தே கட்டிக்கொண்டிருந்தேன்.

இப்போது புதுக் கம்பிக்கு அன்றைய விலை, கூலி, நடைச் செலவு என்று பில்லில் தனித்தனியே எழுதுகிறேன். வெட்டி எடுத்த பழைய காயிலை, அதாவது கம்பிச் சுருளை, கருகிய வாடை போகாமலிருக்கும்போதே தோட்டத்துக்காரர் கண்ணெதிரில் தராசில் வைத்து, அதன் விலையைக் கழித்துவிடுகிறேன். “இப்பத்தானுங்க எதுக்கு எவ்வளவுன்னு தெரியுது” என்றார் ஒரு பெரியவர். பேரம் பேசுவதும் குறைந்தது.

சுற்றிக் கொடுத்த மோட்டார் திரும்பி வந்து இலவசமாகச் செய்த வேலைகளும் அந்த நோட்டில் தெரிந்தன. அவற்றில் பல, மும்முனை மின்சாரத்தில் ஒரு பேஸ் போனதால் கருகியவை. ஒரு பேஸ் போனால் மோட்டாரைத் தானே நிறுத்தும் சிங்கிள் பேஸ் பிரிவெண்டர் ஸ்டார்ட்டரில் சரியாக இயங்குவதைப் பார்த்த பின்பே இப்போது உத்தரவாதம் எழுதித் தருகிறேன்.

மில் பாக்கியை வசூலிப்பதுதான் கடினமாக இருந்தது. சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் கட்டணமில்லாத உத்யம் பதிவைச் செய்து, அந்த எண்ணைப் பில்லில் அச்சிட்டேன். குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி, எழுத்து உடன்படிக்கை இருந்தாலும் பணம் தருவதை 45 நாட்களுக்கு மேல் இழுக்கக் கூடாது. உடன்படிக்கை இல்லையெனில் 15 நாட்களே. இதை எடுத்துச் சொன்னதும் ஒரு மில் வேலை கொடுப்பதை நிறுத்திக்கொண்டது. எனக்கு அது வருத்தமே. மற்றவர்கள் தவணைக்குள் தருகிறார்கள். சென்ற கோடையில் மோட்டார்கள் குறைவாகத்தான் வந்தன. ஆனாலும் ஆட்களின் சம்பளம் போக, கம்பி வியாபாரிக்கும் நான் பாக்கி வைக்கவில்லை.