சொட்டிய இடம் வேறு, கசிந்த இடம் வேறு

என் டிராக்டரில், எஞ்சினுக்கு உயர் அழுத்தத்தில் டீசலை அனுப்பும் இன்ஜெக்ஷன் பம்பில் டீசல் சொட்டத் தொடங்கியபோது, சொட்டு விழும் இடத்தில்தான் கோளாறு இருக்கும் என்று நம்பி இரண்டு வாரங்களை இழந்தேன். பம்பின் அடியில், டாங்கிலிருந்து டீசலை இழுத்துத் தரும் ஃபீட் பம்ப் பொருந்தியிருக்கும் மூலையில்தான் எப்போதும் ஈரம் நின்றது. ஆகவே டீசல் குழாய்களை இணைக்கும் பேஞ்சோ போல்ட்டுகளுக்குப் புதிய செப்பு வாஷர் போட்டேன், பிறகு ஃபீட் பம்பையே மாற்றினேன், கசிவு நிற்கவில்லை. வந்து பார்த்த மெக்கானிக் பம்பைத் துடைத்துக்கூடப் பார்க்காமல், முழுப் பம்பையும் கழற்றி சர்வீசுக்கு அனுப்பச் சொல்லிவிட்டுப் போனார். அது இன்றும் மனத்தை உறுத்துகிறது.

கழற்றுவதற்கு முன், பம்பை நன்றாகக் கழுவி, காயவிட்டு, மேலிருந்து கீழ்வரை டால்கம் பவுடர் தூவினேன். எஞ்சினை ஐட்லிங்கில் ஓடவிட்டு டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, இரண்டாவது டெலிவரி வால்வு ஹோல்டரின் (பம்பிலிருந்து ஒவ்வொரு சிலிண்டருக்கும் டீசல் வெளியேறும் வால்வைப் பிடித்திருக்கும் பாகம்) அடியில் வெண்மை மங்கியது. அங்கிருந்து நூல்போல ஓர் ஈரக்கோடு பம்பின் பக்கவாட்டில் இறங்கி, ஃபீட் பம்பின் மூலையில் சொட்டாகத் திரண்டது. தேடும்போது குழாய்களின் அருகே விரலை மட்டும் கொண்டு போகாதீர்கள், அட்டைத் துண்டைப் பிடித்துப் பாருங்கள். டீசலைச் சிலிண்டருக்குள் தெளிக்கும் நாசில் திறக்கும் அழுத்தமே ஏறத்தாழ 200 பார் அளவில் இருப்பதால், கண்ணுக்குத் தெரியாத பீய்ச்சல்கூடத் தோலைத் துளைத்து உள்ளே போகும். காயம் ஊசிமுனை அளவே இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

எஞ்சினை நிறுத்தி ஹோல்டரைத் திறந்தபோது, அதன் ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) நகத்தால் அழுத்தினாலே விரிசல் விடும் அளவுக்குக் காய்ந்திருந்தது. மற்றவையும் அதே வயதுடையவை என்பதால், 3 ஹோல்டர்களுக்கும் ஓ-ரிங்கையும் வால்வு வாஷரையும் சேர்த்தே மாற்றினேன். இங்கே கைக்கணக்கு உதவாது: அளவுக்கு மீறி இறுக்கினால் உள்ளே உருளையான பேரல் நெளிந்து, அதில் மேலும் கீழும் ஓடும் பிளஞ்சர் சிக்கிக்கொள்ளும் என்பதால், கையேட்டில் உள்ள அளவுக்கே, முறுக்கு விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் முறுக்கினேன். டீசல் வழியில் புகுந்த காற்றை வெளியேற்றுவது, அதாவது ஏர் எடுப்பது, வழக்கம்போல முடிந்தது.

வெளிக்கசிவு கண்ணில் படும், டீசல் எஞ்சின் ஆயிலோடு கலக்கும் உள்கசிவு படாது. டிப்ஸ்டிக்கில் எஞ்சின் ஆயில் மட்டம் ஏறி, ஆயிலில் டீசல் வாடை அடித்தால், வண்டியை ஓட்டாமல் நிறுத்திவிட்டுப் பம்பைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்ட்டின் சீலையும் (கசிவுத் தடுப்பு வளையம்) ஃபீட் பம்பையும் சோதியுங்கள். என் வண்டியில் மட்டம் ஏறவில்லை என்று கண்டபோதுதான் மூச்சே வந்தது. அன்றிரவு பம்பின் அடியில் விரித்து வைத்த செய்தித்தாள், காலையில் ஒரு பொட்டு ஈரமும் இல்லாமல் கிடந்தது.