பல்லாரித் தோலும் கல் உப்பும்

பிளாஸ்மோலிசிஸ் (உப்புக் கரைசலில் செல் தண்ணீரை இழந்து, உள்ளே இருப்பது சுவரை விட்டுச் சுருங்குவது) பார்க்க ரியோ இலைதான் வேண்டும் என்று பிளஸ் ஒன் பிள்ளைகள் வீடு வீடாகத் தொட்டிச் செடி தேடி அலைய வேண்டாம். பாளையங்கோட்டை மார்க்கெட்டில் வாங்கும் பல்லாரியே (பெரிய வெங்காயம்) போதும். சின்ன உள்ளி வேண்டாம், அதில் தோல் உரிப்பதற்குள் பொறுமை போய்விடும். பல்லாரியிலும் ஊதா அடர்த்தியாக ஏறினதாகப் பார்த்து எடுங்கள்.

காய்ந்த சருகை நீக்கினால் வரும் முதல் சதைப்பற்றான இதழில், வெளிப்பக்கம் பிளேடால் 5 மில்லிமீட்டர் சதுரமாக லேசாகக் கீறி, இடுக்கியால் உரிக்க வேண்டும். உட்பக்கத் தோல் சுலபமாகக் கழன்று வரும் என்பதால் பலரும் அதை எடுத்துவிடுகிறார்கள். அதில் நிறமே இல்லை. செல் சுருங்கினாலும் கண்ணுக்குப் பிடிபடாது. ஊதாத் தோலோடு சதையும் ஒட்டி வந்தால் செல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிந்து குழப்பும். அதைத் தூக்கிப்போட்டு வேறு உரியுங்கள்.

முதலில் ஒரு சொட்டுத் தண்ணீரில் வைத்து 100 மடங்கில் பாருங்கள். ஒவ்வொரு செல்லும் சுவர்வரை ஊதாவாக நிறைந்திருக்க வேண்டும். பிறகு உப்புக் கரைசல்: 100 மில்லி தண்ணீருக்கு 5 கிராம். தூத்துக்குடிக் கல் உப்பைக் கரைத்து வடிகட்டினாலும் சரிதான். கவர் ஸ்லிப்பின் ஒரு ஓரத்தில் கரைசலைச் சொட்டி, எதிர் ஓரத்தில் மையொற்றுத் தாளை வைத்து இழுங்கள். ஒரு தடவை போதாது, அடியில் நிற்கும் தண்ணீர் உப்பை நீர்க்கச் செய்துவிடும். மூன்று தடவை இழுத்தால் சில நிமிடங்களில் ஊதா நிறம் சுவரை விட்டு விலகித் திரளும்.

விலகுகிற அந்த ஓரத்தைச் சவ்வு என்று எழுதுவார்கள். செல் சவ்வின் தடிமன் 7, 8 நானோமீட்டர்தான். சாதாரண மைக்ராஸ்கோப்பில் 200 நானோமீட்டருக்குக் கீழே எதுவும் பிரிந்து தெரியாது. நாம் பார்ப்பது வாக்குவோலில் (செல்லுக்குள் சாறு நிறைந்த பையில்) இருக்கும் நிறத்தின் எல்லை. செல் சவ்வு அதை ஒட்டி வெளியே, கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கிறது. சுவருக்கும் அதற்கும் நடுவே ‘வெற்றிடம்’ என்று எழுதினால் மதிப்பெண் போகும், போகவும் வேண்டும். செல் சுவர் உப்பையும் தண்ணீரையும் தாராளமாக விடும். ஆகவே அந்த இடைவெளியில் நிற்பது நீங்கள் விட்ட உப்புத் தண்ணீரேதான்.

உப்புக்குப் பதில் 5 சதவீதச் சர்க்கரைக் கரைசல் விட்டு, ஒன்றும் நடக்கவில்லை என்பவர்கள் உண்டு. நடக்காது. தண்ணீரை இழுப்பது கரைந்த துகள்களின் எண்ணிக்கைதான். சர்க்கரை ஒரு மோல் (எந்தப் பொருளிலும் ஒரே எண்ணிக்கை கொண்ட அளவு) 342 கிராம், உப்பு 58.5 கிராம்தான், அதுவும் கரைந்ததும் இரண்டு அயனிகளாகப் பிரிகிறது. அதே இழுப்புக்குச் சர்க்கரை ஏறக்குறைய 11 மடங்கு எடை வேண்டும்.

இப்போது அதே முறையில் நல்ல தண்ணீரை இழுத்து விடுங்கள். செல்கள் மறுபடி நிறையும். இதைப் ‘பிளாஸ்மா சிதைவு’ என்று பெயர் வைத்தவர்களிடம் எனக்கு ஒரு சண்டை உண்டு: சிதைந்தது எப்படித் திரும்ப நிறையும்? உப்பிலேயே நெடுநேரம் போட்டுவிட்டால் மட்டும் சில செல்கள் திரும்பாது, நிறமும் வெளியே கசிந்துவிடும்.

இன்னொரு தோலைக் கொதிக்கிற தண்ணீரில் ஒரு நிமிடம் போட்டு எடுத்து, உப்பு விட்டுப் பாருங்கள். நிறம் கரைந்து போயிருக்கும், எதுவும் சுருங்காது. தடுத்து நிறுத்தச் சவ்வு இல்லை. மாங்காய்த் துண்டில் உப்புப் போட்டதும் தண்ணீர் விடுவது சவ்வு உயிரோடு இருக்கும்போது. உப்பு சதைக்குள் நன்றாக இறங்குவது அது செத்த பிறகு.