ட்ரெண்ட்ஸ் வரைபடத்தைத் தப்பாகப் படித்து நான்கு மாதம் வீணானது

செடி வளர்ப்புக்கு ஒரு இணையதளம் தொடங்கினேன். டொமைன், ஹோஸ்டிங், வடிவமைப்பு எல்லாம் இரண்டே நாளில் முடிந்தது. என்னென்ன பிரிவுகள் வைப்பது, எதை முதலில் எழுதுவது என்று தேடல் தரவுகளைப் பார்த்துத் திட்டம் போட்டேனே, அங்கேதான் மொத்தமாகச் சறுக்கினேன். அடுத்து இறங்குபவர்களுக்காவது இந்த அலைச்சல் மிச்சமாகட்டும் என்று எழுதுகிறேன்.

கூகுள் ட்ரெண்ட்ஸில் (ஒரு சொல்லை மக்கள் எப்போது அதிகம் தேடினார்கள் என்று வரைபடமாகக் காட்டும் கருவி) போன்சாய், ஹைட்ரோபோனிக்ஸ், கோகெடாமா (பாசிப் பந்துக்குள் செடி வளர்க்கும் ஜப்பானிய முறை) என்று ஒவ்வொரு சொல்லாகப் போட்டுப் பார்த்து, ஸ்கிரீன்ஷாட் எடுத்து அடுத்தடுத்து வைத்து ஒப்பிட்டேன். கோகெடாமா 80-ஐத் தொட்டு நின்றது, போன்சாய் அதற்குக் கீழே இருந்தது. அதை நம்பி கோகெடாமாவுக்கு ஒரு தனிப் பிரிவே திறந்து 22 கட்டுரைகள் எழுதினேன். படம் எடுக்க, செடி வாங்க, பாசி தேட என்று வார இறுதிகள் எல்லாம் அதிலேயே கரைந்தன. நான்கு மாதம் ஆகியும் யாரும் வரவில்லை.

0 முதல் 100 வரை காட்டும் அந்த எண் எத்தனை பேர் தேடினார்கள் என்பதல்ல. நாம் தேர்ந்தெடுத்த இடத்தில், நாம் தேர்ந்தெடுத்த காலத்துக்குள், மொத்தத் தேடல்களில் அந்தச் சொல்லின் பங்கு எப்போது உச்சமாக இருந்ததோ அதை 100 என்று வைத்து மற்ற நாட்களை அதோடு ஒப்பிட்டுக் காட்டுவது. தனித்தனியாகப் போட்டால் ஒவ்வொரு சொல்லுக்கும் தனி அளவுகோல், பத்து பேர் தேடும் சொல்லுக்கும் ஒரு 100 உண்டு, பத்து லட்சம் பேர் தேடும் சொல்லுக்கும் ஒரு 100 உண்டு. ஒரே வரைபடத்தில் பல சொற்களைச் சேர்த்துப் போட்டு ஒப்பிட முடியும். கடைசியில் அப்படிப் போட்டுப் பார்த்தபோது போன்சாய் மேலே போக, கோகெடாமா தரையோடு தரையாகக் கிடந்தது. ஒரு நிமிட வேலை. அதை முதல் நாளே செய்யாமல் விட்டதை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை.

காலத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் இதே சிக்கல் வரும். தோட்டம் தொடர்பான பல சொற்கள் 2020 ஊரடங்கின்போது திடீரென்று ஏறின. அந்த உச்சம் வரைபடத்துக்குள் இருந்தால் மற்ற ஆண்டுகள் எல்லாம் படுத்துவிட்ட மாதிரி தெரியும். அதைப் பார்த்து 'இந்தத் தலைப்பு செத்துவிட்டது' என்று ஒரு நல்ல பிரிவைத் தூக்கிவிட்டேன். 2004 முதல் ஒருமுறை, கடந்த ஓராண்டுக்கு ஒருமுறை என்று இரண்டு விதமாகவும் பாருங்கள். 2016, 2022 தொடக்கங்களில் தரவு திரட்டும் முறை மேம்படுத்தப்பட்டது என்று வரைபடத்திலேயே குறிப்பு இருக்கும், அந்த இடத்தில் தெரியும் ஏற்ற இறக்கத்தை ஆர்வம் கூடியதாகவோ குறைந்ததாகவோ எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அப்புறம் 'மல்லி'. பூச்செடியை நினைத்துத்தான் போட்டேன். கொத்தமல்லியைத் தேடுபவர்களும் அதே சொல்லைத்தான் தட்டுகிறார்கள் என்பது தொடர்புள்ள தேடல்களைப் பார்த்த பிறகே உறைத்தது. இரண்டு பொருள் தரும் சொல் என்றால் வெறும் தேடல் சொல்லாகப் போடாமல், கீழே வரும் பட்டியலில் 'தலைப்பு' என்று காட்டுவதைத் தேர்ந்தெடுங்கள், அது எழுத்து வேறுபாடுகளையும் பிற மொழிகளையும் சேர்த்துக் கணக்கிடும். தலைப்பாக இல்லாத சொல்லுக்கு இரண்டு மூன்று எழுத்துமுறைகள் இருந்தால் நடுவில் கூட்டல் குறி போட்டு ஒன்றாக்கலாம். பெரிய எழுச்சி என்று பொருள்படும் 'பிரேக்அவுட்' முத்திரையைப் பார்த்தும் ஓட வேண்டாம். 5000 சதவீதத்துக்கு மேல் ஏறியது என்பதுதான் அதன் அர்த்தம், பெரும்பாலும் ஒன்றுமே இல்லாத இடத்திலிருந்து ஏறியதாக இருக்கும். நான் ஓடினேன், கட்டுரை வெளியாவதற்குள் அந்த அலை அடங்கிவிட்டது.

உண்மையான எண்ணிக்கை வேண்டும் என்று, விளம்பரம் கொடுப்பவர்களுக்காக கூகுள் வைத்திருக்கும் கீவேர்ட் பிளானருக்குப் போனேன். விளம்பரச் செலவு இல்லாத என் கணக்கில் 1,000 முதல் 10,000 வரை என்கிற மாதிரி அகலமான வரம்புகள்தான் வந்தன. அங்கே 'போட்டி: குறைவு' என்று இருந்ததைப் பார்த்து, முதல் பக்கத்தில் சுலபமாக வந்துவிடலாம் என்று நம்பிவிட்டேன். அது விளம்பரதாரர்களுக்கு இடையிலான போட்டி. தேடல் முடிவுகளில் இடம்பிடிப்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இதற்கு நடுவில் ஒரு கட்டண டூலுக்குச் சந்தா கட்டினேன், பெயர் வேண்டாம். அது காட்டிய மாதத் தேடல் எண் பிளானரின் வரம்புக்குள்ளேயே வரவில்லை. இந்த எண் எங்கிருந்து வருகிறது என்று வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினால், நான் ஏற்கெனவே படித்த உதவிப் பக்கத்தின் இணைப்பையே அனுப்பினார்கள். மறுபடி கேட்டால் மறுபடி அதே இணைப்பு. மூன்றாவது முறை வேறொருவர் 'இது மதிப்பீடு மட்டுமே' என்று ஒரு வரி எழுதி என் புகாரை மூடிவிட்டார். அந்த ஒரு வரியை எண்ணுக்குப் பக்கத்திலேயே போட்டிருக்கலாமே! இலவச சோதனைக் காலத்திலேயே உங்களுக்கு நன்றாகத் தெரிந்த பத்து சொற்களைப் போட்டுச் சரிபார்த்துவிட்டு அப்புறம் பணம் கட்டுங்கள்.

கடைசியில் கைகொடுத்தது, தளம் வைத்திருப்பவர்களுக்கு கூகுள் தரும் சர்ச் கன்சோல்தான். 16 மாதத் தரவு வரை இருக்கும், என் தளம் எந்தெந்தத் தேடலில் தலைகாட்டியது என்று நேரடியாகச் சொல்லும். மிக அரிதான தேடல்களை மறைத்துவிடும், ஆனாலும் என் வேலைக்கு அது போதுமானதாக இருந்தது. இம்ப்ரெஷன் (தேடல் முடிவுகளில் தளம் தெரிந்த தடவைகள்) அதிகம், கிளிக் குறைவு, சராசரி இடம் 8 முதல் 20 வரை என்று வடிகட்டினேன். நான் போகிற போக்கில் ஒரு பத்தி மட்டும் எழுதியிருந்த 'இலை ஓரம் ஏன் கருகுகிறது' என்பதுதான் விதவிதமான வார்த்தைகளில் மேலே வந்து நின்றது. செடி பெயர் வாரியாக நான் பிரித்து வைத்திருக்க, தேடி வந்தவர்கள் பிரச்சினையைச் சொல்லித் தேடியிருக்கிறார்கள்.

பிரிவுகளைக் கலைத்து, இலை மஞ்சளாவது, ஓரம் கருகுவது, வேர் அழுகுவது, பூச்சி என்று மாற்றினேன். எழுதுவதற்கு முன் ஒவ்வொரு கேள்வியையும் நானே தேடி, முதல் பக்கத்தில் என்ன வருகிறது என்று பார்த்தேன். ஒட்டுக்கட்டுவது போன்றவற்றுக்கு வரிசையாக வீடியோக்களே வந்தன, ட்ரெண்ட்ஸிலும் இணையத் தேடலை யூடியூப் தேடலுக்கு மாற்றிப் பார்த்தால் அங்கேயும் தேடல் இருந்தது, அதனால் அவற்றைத் தொடவில்லை. ஒரே கேள்விக்கு என் தளத்திலேயே இரண்டு பக்கங்கள் மோதிக்கொண்டிருந்தன. இரண்டையும் இணைத்து, பழைய முகவரியைப் புதியதற்குத் திருப்பிவிட்டேன்.

ஆறு வாரத்தில் இலை ஓரம் கருகும் பக்கம் 14-ஆம் இடத்திலிருந்து 5-க்கு வந்தது. உப்பு தேங்கினால் என்ன செய்வது, காற்றில் ஈரப்பதம் குறைந்தால் என்ன செய்வது என்று அதன் கீழே கேள்விகளும் வர ஆரம்பித்திருக்கின்றன, அடுத்த இரண்டு பக்கங்களை அவற்றை வைத்துத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். கோகெடாமா கட்டுரைகள் 22-ல் நான்கை மட்டும் வைத்துக்கொண்டேன்.