எண்பது மணி நேரமும் சித்தியின் நோட்டும்

தினமும் சாயங்காலம் ஐந்தரைக்குக் கடலூரில் கேப் ஏறுவேன். ஆறரைக்குப் புதுச்சேரி ஆபீசில் ஹெட்செட்டை மாட்டினால் விடியற்காலை மூன்றரை வரை எனக்கு அமெரிக்காதான். மெடிக்கல் பில்லிங் வேலை, அதாவது அங்கே செய்த சிகிச்சைக்கான பில்லைக் காப்பீட்டுக்கு அனுப்பிப் பணம் வாங்கித் தரும் வேலை. நான் இருப்பது எலிஜிபிலிட்டி டீமில். நாளைக்கு டாக்டரைப் பார்க்க வருகிறவருக்குக் காப்பீடு நடப்பில் இருக்கிறதா என்று முந்தின நாளே பார்த்துச் சொல்ல வேண்டும்.

நாங்கள் பார்க்கும் கிளினிக்குகளுக்கு வருகிறவர்களில் நிறைய பேர் மெடிக்கெய்டில் இருப்பவர்கள். வருமானம் குறைந்தவர்களுக்கு அங்கே அரசாங்கம் தரும் காப்பீடு அது. நம் ஊர் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை மாதிரி என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். ஆனால் அதில் சாதாரணக் காய்ச்சலுக்கு டாக்டரைப் பார்ப்பதும் மாத்திரையும்கூட அடங்கும்.

கொரோனா காலத்தில் அதிலிருந்து யாரையும் நீக்கக் கூடாது என்று இருந்தது. 2023 ஏப்ரலில் அந்தத் தடை முடிந்து, மாநிலங்கள் ஒவ்வொருவராக மறுபடி சரிபார்க்க ஆரம்பித்தன. அடுத்த ஒரு வருடம் நான் பார்த்ததை மறக்க முடியாது. நேற்று வரை ‘ஆக்டிவ்’ என்று காட்டிய பெயர் இன்று ‘டெர்மினேட்டட்’. பில் அனுப்பினால் ‘சி.ஓ. 27’ என்ற டினையல் கோடோடு, அதாவது பணம் தர மறுத்த காரணத்தைச் சொல்லும் குறியீட்டோடு, திரும்பி வரும். காப்பீடு முடிந்த பிறகு செய்த சிகிச்சை என்று அதற்கு அர்த்தம். நாடு முழுக்க இரண்டு கோடிக்கும் மேற்பட்டவர்கள் நீக்கப்பட்டார்கள். அதில் பெரும்பாலோர் தகுதி இழந்தார்கள் என்று முடிவாகி நீக்கப்பட்டவர்கள் அல்ல. படிவம் திரும்பி வரவில்லை, கடிதம் பழைய முகவரிக்குப் போய்விட்டது, இந்த மாதிரிக் காரணங்கள்தான். எங்கள் பட்டியலிலேயே சிலர் மூன்று நான்கு மாதம் கழித்து மறுபடி ‘ஆக்டிவ்’ ஆனார்கள். நடுவில் இருந்த மாதங்களைத் திறந்து பார்ப்பேன். மாதம் தவறாமல் சர்க்கரைக்கு வந்துகொண்டிருந்தவருக்கு அந்த மாதங்களில் ஒரு விசிட்கூட இருக்காது.

இப்போது அடுத்தது வருகிறது. 2025 ஜூலை 4-ல் கையெழுத்தான சட்டப்படி, ஒபாமா காலத்துச் சட்டம் வருமான வரம்பை உயர்த்தியதால் மெடிக்கெய்டுக்குள் வந்த 19 முதல் 64 வயது வரையானவர்கள் மாதம் 80 மணி நேரம் வேலை, படிப்பு, பயிற்சி, சமூக சேவை என்று ஏதாவது செய்வதைக் காட்ட வேண்டும். 2027 ஜனவரி 1 முதல் அமல். மாநிலம் விரும்பினால் முன்னாலேயே தொடங்கலாம். வருடம் ஒருமுறை இருந்த புதுப்பித்தலும் இவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆகிறது. கணக்கு காட்டவில்லை என்று நோட்டீஸ் வந்தால் 30 நாள்தான் அவகாசம்.

இதை ஆர்கன்சா மாநிலம் 2018-ல் செய்து பார்த்தது. முதலில் இணையதளத்தில் மட்டும்தான் மணிக்கணக்கைப் பதிய முடியும். இரவு ஒன்பதுக்கு அதையும் மூடிவிடுவார்கள். சில மாதங்களில் 18,000-க்கும் மேற்பட்டவர்கள் காப்பீட்டை இழந்தார்கள். 2019 மார்ச்சில் நீதிமன்றம் நிறுத்தியது. வேலைக்குப் போகிறவர்களின் எண்ணிக்கை அதனால் கூடவில்லை என்று பிறகு ஆய்வு செய்தவர்கள் சொன்னார்கள். எனக்கு இது ஆச்சரியமாக இல்லை. அவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே வேலை செய்துகொண்டோ, விலக்கு பெறும் நிலையிலோ இருந்தவர்கள்தான்.

பண்ருட்டிப் பக்கம் இருக்கும் என் சித்தி முப்பது வருடமாக முந்திரிக்கொட்டை உடைக்கிறாள். ஓட்டிலிருந்து வரும் எண்ணெய் பட்டுப் பட்டு, விரல் நுனியெல்லாம் கறுத்து வழுவழு என்று ஆகிவிட்டது. காப்பீட்டு அட்டை எடுக்கப் போனபோது கைரேகை விழவில்லை. துடைத்து, ஈரத்துணியால் ஒற்றி, மறுபடி வைத்தும் மெஷின் ஏற்கவில்லை. இரண்டு நாள் கூலியை விட்டுவிட்டு இரண்டு தடவை வெறுங்கையோடு திரும்பினாள். மூன்றாவது தடவை நான் நைட் ஷிப்ட் முடித்து நேராகப் போய்க் கூட நின்றேன். எட்டு விரல் ஆன பிறகு இடது கை சுண்டுவிரல் விழுந்தது. “அந்த விரல்ல எண்ணெய் அவ்வளவா படாதும்மா” என்றாள் சித்தி.

மற்றதெல்லாம் வேலை செய்து தேய்ந்த விரல்கள். அந்த வேலையாலேயே அட்டை கிடைக்காமல் போகப் பார்த்தது.

சித்தியிடம் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கிறது. முந்திரி வாங்குகிறவர் அதில் தேதி போட்டு, இத்தனை கிலோ, இத்தனை ரூபாய் என்று எழுதித் தருவார். மணிக்கணக்கு எங்கேயும் இல்லை. எண்பது மணி நேரத்தைக் காட்டச் சொன்னால் சித்தி எதைக் காட்டுவாள்? அமெரிக்காவில் வீடு துடைக்கிறவர்களும் பழம் பறிக்கிறவர்களும் இதே நிலைமையில்தான் இருப்பார்கள்.

ஆனால் நோட்டில் ரூபாய் இருக்கிறதே! சட்டத்திலும் அந்த வழி இருக்கிறது. மாத வருமானம் 580 டாலர் இருந்தால், அதாவது மணிக்கு 7 டாலர் 25 சென்ட் என்ற குறைந்தபட்சக் கூலியில் 80 மணி நேரத்துக்கு வருவது இருந்தால் போதும், மணிக்கணக்கு தேவையில்லை. பருவ வேலைக்காரர்களுக்கு ஆறு மாத சராசரி எடுக்கலாம். 13 வயது வரை உள்ள பிள்ளையை வளர்ப்பவர், ஊனமுற்றவரைப் பார்த்துக்கொள்பவர், கர்ப்பிணி, கடும் நோயோடு இருப்பவர் எல்லோருக்கும் விலக்கு உண்டு. ஆனால் கேட்கத் தெரியாதவர்களுக்கு அது கிடைக்காமல் போகலாம்.

அதனால் புதுப்பிக்க வேண்டியவர்களின் பட்டியல் ஒன்றை டீமில் தொடங்கலாமா என்று கேட்டேன். “கிளெய்ம்தானே நம்ம வேலை, இது எதுக்கு?” என்றார் டீம் லீடர். சி.ஓ. 27 டினையல்களை எடுத்துக் காட்டினேன். சரி, ஒரு மாதம் பாருங்கள் என்றார். இப்போது புதுப்பித்தல் தேதிக்கு 60 நாள் முன்பே பெயரை எடுத்து கிளினிக்குக்கு அனுப்புகிறோம். பக்கத்தில் மூன்று கட்டங்கள்: முகவரி மாறியதா, விலக்குக்கு வாய்ப்பு உண்டா, சம்பளச் சீட்டு இருக்கிறதா. முன்மேசையில் இருப்பவர்கள் போன் போட்டுக் கேட்கிறார்கள். டயாலிசிஸுக்கு வருகிற ஒருவருக்குத் தன் நோயே விலக்குக்குக் காரணமாகலாம் என்பது அந்தப் போனில்தான் தெரிந்தது.

இதைப் படிக்கிறவர்களில் பில்லிங் வேலையில் இருப்பவர்கள் உங்கள் டீமிலும் கேட்டுப் பாருங்கள். அமெரிக்காவில் ஓட்டலிலோ கடையிலோ வேலை செய்யும் சொந்தக்காரர் யாராவது மெடிக்கெய்டில் இருந்தால், இந்த வாரம் பேசும்போது வீடு மாறினீர்களா, புது முகவரியைக் கொடுத்தீர்களா என்று கேளுங்கள். நோட்டீஸ் அந்த முகவரிக்குத்தான் வரும்.