தரைக்கு மேலே 30 மீட்டர்

லேசர் ஒளியைப் பாய்ச்சித் திரும்பி வருவதை அளக்கும் கருவிதான் லிடார். அதன் தரவில் மேகத்தைக் கண்டுபிடிப்பது சுலபம். தரையை ஒட்டி என்ன நடக்கிறது என்று சொல்வதுதான் பெரும்பாடு. நகரியிலிருந்து பஸ் ஏறித் திருப்பதிக்கு வந்து நான் பார்க்கும் வேலை அதுதான்: அண்டார்டிகாவில் காற்று கிளப்பிவிடும் பனியைச் செயற்கைக்கோள் தரவில் தேடுவது.

அங்கே வானம் தெளிவாக இருக்கும்போதும் பனி பறக்கும். பீடபூமியின் உச்சியில் குளிர்ந்து கனத்த காற்று சரிவில் இறங்கும்போது, கிடக்கும் பனியை வாரிக்கொண்டு போகிறது. குளிர்காலமோ நீண்ட இருட்டு, சாதாரண கேமராவுக்கு வேலையில்லை. 2006 முதல் 2023 வரை இயங்கிய காலிப்சோ செயற்கைக்கோள், 532 நானோமீட்டர் பச்சை லேசரைத் தானே பாய்ச்சி, திரும்பி வரும் ஒளியை அளந்தது. திரையில் பனித்தரை பளீரென்று ஒரு கோடாக விழும். தரவு உயரவாக்கில் கட்டம் கட்டமாக வரும்; தரைக்கு நேர் மேலே உள்ள கட்டம் 30 மீட்டர் உயரம். அது வழக்கத்தைவிட ஒளிர்ந்து, காற்றும் விநாடிக்கு 4 மீட்டருக்கு மேல் இருந்தால் பறக்கும் பனி என்று குறிக்கலாம்.

"அங்க பனி பறந்தா நமக்கென்னம்மா?" என்று சித்தூர்க்கார அண்ணா ஒருவர் கேட்டார். பெய்யும் பனி அந்தக் கண்டத்துக்கு வரவு என்றால், பறக்கும்போதே ஆவியாகிப் போவது செலவு. கடல்மட்டக் கணக்குக்கு இரண்டும் வேண்டும். காலிப்சோ தரவை ஆராய்ந்த ஸ்டீவன் பாம் குழுவினர் 2017இல் வெளியிட்ட மதிப்பீட்டில் இந்த ஆவியாதல் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 39,300 கோடி டன். பிழை வரம்பு அதில் பாதி அளவு. இருந்தாலும் சின்னத் தொகையா அது!

எங்கள் அறையில் வாக்குவாதம் வருவது இன்னொரு இடத்தில். அடர்ந்த மேகம் குறுக்கே வந்தால் லேசர் தரையைத் தொடாது. அந்த இடங்களில் மாணவர்கள் பூஜ்யம் போட்டுவிடுகிறார்கள். "காலியா விட்டா வரைபடத்துல ஓட்டை விழுது மேடம்" என்கிறார்கள். விழட்டும். மேகம் சூழ்ந்த புயல் நாளில்தான் காற்று ஆவேசமாக அடிக்கும், பனியும் மிகுதியாகப் பறக்கும். அங்கே பூஜ்யம் போட்டால், அதிகம் பறந்த நாளே பறக்காத நாளாகிவிடும். அதனால் ‘பனி இல்லை’ என்பதற்கு ஒரு குறி, ‘தரை தெரியவில்லை’ என்பதற்கு வேறு குறி. இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

30 மீட்டருக்குக் கீழே தாழப் பறக்கும் பனியும் பெரும்பாலும் சிக்காது. ஆகவே நமக்குக் கிடைக்கும் எண்ணிக்கை குறைந்தபட்சம்தான். காலிப்சோ 82 டிகிரி அட்சரேகையோடு நின்றுவிட்டது. 2018இல் ஏவப்பட்ட ஐஸ்சாட்-2 என்ற லேசர் செயற்கைக்கோள் இரண்டு துருவங்களிலும் 88 டிகிரி வரை போகிறது. இப்போது அந்த ஆறு டிகிரிப் பட்டையைத்தான் எடுத்திருக்கிறோம், அதே இரண்டு குறிகளோடு.