பெக்கான் தோப்புக்கு வந்த புயல் பணம்

நேற்று அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், பால்ட்வின் கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) பக்கம் போய் வந்தோம். கடலோரம் முழுக்க சுற்றுலா வீடுகள். கொஞ்சம் வடக்கே ஏறினால் நிலக்கடலை, பருத்தி, நடுநடுவே பெக்கான் என்ற கொட்டை மரத் தோப்பு.

2020 செப்டம்பர் 16 அன்று சாலி புயல் இந்தக் கவுண்டியின் கடலோர ஊரான கல்ஃப் ஷோர்ஸில்தான் கரையேறியது. 2004இல் ஐவன் புயல் வந்ததும் அதே ஊருக்கு, அதே செப்டம்பர் 16இல். நாள் பார்த்து வருகிறது போல!

சரி, நிவாரணம்? 2020, 2021 பேரிடர்களுக்காக நாடு முழுமைக்கும் 1,000 கோடி டாலர் ஒதுக்கிய சட்டம் 2021 செப்டம்பர் கடைசியில்தான் வந்தது. பணம் கொடுக்கும் வேலை தொடங்கியது 2022 மே மாதம். பயிர்க் காப்பீடு வைத்திருந்தவர்களுக்கு அந்தக் கணக்கை வைத்து அரசே படிவத்தை நிரப்பி அனுப்பியது. நல்ல யோசனை, நம் பக்கத்தில் படிவத்தோடு அலைந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். காப்பீடு இல்லாதவர்கள்தான் பாவம், 2023 வரை காத்திருந்தார்கள். வாங்கிய பிறகும் அடுத்த இரண்டு சாகுபடி ஆண்டுகளுக்குக் காப்பீடு எடுத்தே தீர வேண்டியிருந்தது.

மரத்துக்குத் தனித் திட்டம் உண்டு. அப்போதைய விதிப்படி, வழக்கமான பட்டுப்போதலைக் கழித்து, 15 சதவீதத்துக்கு மேல் செத்திருந்தால்தான் மறுநடவுச் செலவில் ஒரு பங்கு கிடைத்தது. ஆனால் பெக்கான் கன்று ஒழுங்காகக் காய்க்கப் பல வருடம் ஆகுமே, அதுவரை விளைச்சல் இல்லாத நட்டத்துக்கு அந்தத் திட்டத்தில் ஒன்றும் கிடையாது.

சாலையோரக் கடையில் இரண்டு பை பெக்கான் வாங்கினோம். பேரம் பேச மனசு வரவில்லை.