கிண்டிக் காட்டில் ஒரு காலை: வெளிமானும் ஆறுமணிக்குருவியும்

சென்னை கிண்டிக்கு வந்தால் சிறுவர் பூங்காவோடு திரும்பிவிடுகிறவர்கள்தான் அதிகம். அதை ஒட்டியிருக்கும் உள்காட்டுக்கு வனத்துறை அனுமதி வேண்டும், அது கிடைத்து டிசம்பரில் மழை விட்டிருந்த ஒரு ஞாயிறு காலை போய்வந்தோம். 1978-ல் தேசியப் பூங்காவாக அறிவித்த இடம், மொத்தமே 270 ஹெக்டேர் சொச்சம்தான், ஆனால் சர்தார் படேல் சாலையின் ஹாரன் சத்தம் காதில் விழ விழவே வெளிமானைப் படம் எடுக்க வேறு எந்த ஊரில் முடியும்?

முதலில் புல்வெளி. ஆண் வெளிமானுக்கு முதுகு கறுப்பு, வயிறும் கண்ணைச் சுற்றிய வளையமும் வெள்ளை, வெயில் ஏறிவிட்டால் இரண்டும் ஒரே படத்தில் ஒழுங்காக அடங்காது. கேமரா போக்கில் விட்டால் அந்தக் கறுப்பைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும், வெள்ளை வெளிறிப்போகும். அதனால் எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, மைனஸ் 0.7-க்குக் குறைத்து, கேமரா பதிவுசெய்த விவரத்தை அப்படியே வைத்திருக்கும் ரா ஃபைலாக எடுத்தேன், கறுப்பில் இருக்கிற விவரத்தை வீட்டில் கணினியில் மீட்டுக்கொள்ளலாம். நின்றபடி எடுத்தால் பின்னணி முழுக்கப் புல்தான், உட்கார்ந்து எடுத்தால் தூரத்து மரங்கள் மங்கலாக வந்து கொம்பின் முறுக்கு எடுப்பாகத் தெரிகிறது.

திறந்த வெளியில் ஓடித் தப்பிக்கிற பிராணி இது. புதர் மண்டினால் இதற்குத்தான் இடம் குறையும், புள்ளிமானுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. மரம் நட்டால் போதும், எல்லாம் சரியாகிவிடும் என்று பேசுபவர்களை ஒருநாள் இங்கே கூட்டிவர வேண்டும்.

அப்புறம் மரக்கூட்டத்துக்குள். நான் போனதே ஆறுமணிக்குருவிக்காகத்தான். வடக்கே இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் கூடு கட்டிவிட்டு, குளிருக்கு இங்கே வரும் பறவை. பச்சை முதுகு, வாலடியில் சிவப்பு, கண்ணில் கறுப்புப் பட்டை என்று அத்தனை நிறம் இருந்தும் சருகுக்கு நடுவே கண்ணில் படாது. தேடி நடக்க ஆரம்பித்த எங்களைக் கூட வந்த காவலர் அண்ணன், “சார், ஒரே இடத்துல உட்காருங்க, அதுவா வரும்” என்று உட்கார வைத்தார். கொசுக்கடியை மட்டும் யாரும் முன்கூட்டியே சொல்லவில்லை.

வந்தது. உள்ளே நல்ல இருட்டு: லென்ஸ் திறப்பு எஃப் 5.6, ஷட்டர் 1/125 நொடி, ஒளியுணர்வு ஐஎஸ்ஓ 3200. தத்தித் தத்திப் போகும், சருகைப் புரட்டும், ஒரு நொடி அப்படியே நிற்கும். அந்த நொடிக்குத்தான் ஷட்டர், தத்தும்போது அழுத்தினால் எல்லாம் கலங்கல். இரண்டு படம் கூர்மையாகத் தேறியது. செல்போனில் அதன் குரலை ஒலிக்கவிட்டு வரவழைப்பவர்கள் உண்டு, இன்னொரு பறவை தன் இடத்துக்கு வந்துவிட்டது என்று அது பதறி ஓடிவரும், அப்படி ஒரு படம் எனக்கு வேண்டாம்.

திடீரென்று அணில்களும் தவிட்டுக்குருவிகளும் சேர்ந்து கத்தவும், மேலே பார்த்தால் வைரி என்ற வேட்டைப் பறவை. லென்ஸைத் தூக்குவதற்குள் கிளை காலி.

ஏப்ரலுக்குள் ஆறுமணிக்குருவி வடக்கே கிளம்பிவிடும். அதற்குள் மறுபடி அனுமதி கேட்க வேண்டும், இந்த முறை மோனோபாடோடு (கேமராவுக்கு ஒற்றைக்கால் தாங்கி), ஷட்டரை 1/60 வரை இறக்கிப் பார்க்கும் எண்ணம்.